கதவு சாத்தின பிறகு

(திரையிடல் முடிந்தபின் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே,

படம் முடிஞ்சு விளக்கைப் போட்டதும் எல்லோரும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். கடைசியில் அந்தப் பொடியன் ஒரே தாவாகத் தாவி அந்த ஆளோட கழுத்தைக் கட்டிக்கொள்ளும்போது கை தட்டாமல் இருக்க முடியாது. சாப்ளினோட ‘தி கிட்’ 1921இல் வந்த படம். நூறு வருசம் தாண்டியாச்சு. பேச்சே கிடையாது, எழுத்து அட்டைதான். அதுவும் இங்கிலீசு. இருந்தும் இங்கே யாருக்கும் ஒரு இடம்கூடப் புரியாமப் போகல.

ஆனால் கை தட்டிக்கொண்டே ஒரு சங்கடத்தோடும்தான் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சங்கடத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். சாப்ளினோட மொத்தக் கலையையும் எடைபோடுற வேலைக்கு நான் வரவில்லை. கடைசி இரண்டு நிமிசம், அவ்வளவுதான் என் பாடம்.

இந்தச் சங்கடம் எனக்குச் சொந்தமா வந்தது இல்லை. ஒரு சின்னப் பொண்ணு கொடுத்தது. போன வருசம் ஒரு காலனியில், கோயில் திடலுக்கு வெளியே வேட்டியைக் கட்டி இதே படத்தைப் போட்டோம். முடிஞ்சதும் எட்டு வயசு இருக்கும், ஒரு பிள்ளை கேட்டுச்சு: “உள்ள கூட்டிட்டுப் போனாங்களே, அந்த ஆள எங்க உக்கார வச்சு சோறு போட்டிருப்பாங்க?” எல்லோரும் சிரிச்சிட்டாங்க. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு ஆத்தா சிரிக்கல. “கொல்லப்பக்கமாத்தான், வேற எங்க?”னு சொல்லிட்டு எழுந்து போயிருச்சு. பெரிய வீடுகளில் நாற்பது வருசம் வேலை பார்த்த ஆத்தா அது.

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு இந்தப் படத்தை நான் அஞ்சாறு தடவை பார்த்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் கதவு சாத்துகிற இடத்தில் அந்த ஆத்தாவோட குரல் கேட்குது.

கதவு எப்படித் திறக்குதுன்னு முதலில் பார்ப்போம். கதை பெரிய வீட்டு வாசலில் முடிகிறது என்பதைக் கவனித்தீர்கள். அது தொடங்குவதும் ஒரு பெரிய வீட்டு வாசலில்தான். தர்ம ஆஸ்பத்திரியிலிருந்து கைக்குழந்தையோடு வெளியே வருகிறாள் அந்தத் தாய். கல்யாணம் ஆகாதவள். குழந்தையை ஒரு மாளிகை முன்னால் நிற்கிற காரில் விட்டுவிட்டுப் போகிறாள். ‘இந்த அனாதைக் குழந்தையை அன்பாகப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு துண்டுச் சீட்டு. குழந்தை வசதியான வீட்டில் வளரட்டும் என்ற நினைப்பு. ஆனால் காரைத் திருடர்கள் ஓட்டிக்கொண்டு போய்விட, குழந்தை குப்பைச் சந்தில் வந்து விழுகிறது. ஐந்து வருசம் கழித்து, கடைசியில், அது மறுபடி மாளிகைக்கே போய்ச் சேருகிறது. அப்படியானால் நடுவில் நடந்ததெல்லாம் என்ன? வழிதவறி வந்த பிள்ளை, உரிய இடம் போய்ச் சேர்ந்தது — இப்படித்தானே கதை ஆகிறது? சேரியில் இருந்த ஐந்து வருசம் ஒரு விபத்து. இதுதான் எனக்கு முதல் உறுத்தல்.

ஏனென்றால் அந்த ஐந்து வருசம்தான் படமே. காபிக் கெண்டியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுப் பால் கொடுத்தது, நாற்காலியில் ஓட்டை போட்டுப் பிள்ளைக்கு வெளிக்கி உட்கார இடம் செய்தது, போர்வை ஓட்டைக்குள் தலையை விட்டு அதையே அங்கியாக்கிக்கொண்டு பந்தாவாகச் சாப்பிட வந்து உட்கார்ந்தது. காலையில் அப்பம் சுடுகிறவன் பையன். தின்ன உட்காரும்போது பங்கு சரியாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து, மிஞ்சின ஒன்றைக் கத்தியால் இரண்டாக வெட்டுவார் பாருங்க, அதைப் பார்த்துதான் நான் முதல் தடவை கண் கலங்கினேன். ஆஸ்பத்திரி சீனுக்கோ அழுகை சீனுக்கோ இல்லை. இருக்கிறதைச் சரிபாதியாகப் பங்கு போடத் தெரிந்த வீடு அது.

அப்புறம் அந்தச் சேட்டை. இந்தப் பையன் கல்லால் சன்னல் கண்ணாடியை உடைப்பான். கொஞ்ச நேரத்தில் முதுகில் கண்ணாடிகளைச் சுமந்துகொண்டு இவர் அந்த வழியாக வருவார், யதேச்சையாக வருகிற மாதிரி. உடைப்பது மகன், மாட்டுவது அப்பன். சேட்டைக்காரப் பையன்களைப் பற்றிச் சிரிப்புப் படம் எவ்வளவோ வந்திருக்கு. 1990இல் வந்த ‘ஹோம் அலோன்’ உங்களில் பல பேர் பார்த்திருப்பீர்கள். அதிலும் பொடியன்தான் நாயகன், அதிலும் அடிதடி, சிரிப்பு. ஆனால் அங்கே சேட்டை எதற்கு? வசதியான வீட்டைக் காப்பாற்றுவதற்கு. திருட வந்த இரண்டு பேரைச் சுட்டு, வழுக்கி விழவைத்து, கடைசியில் போலீசில் பிடித்துக்கொடுப்பதற்கு. போலீஸ் அந்தப் பையன் பக்கம். ‘கிட்’டில் பையன் கல்லை ஓங்கிக் கையைப் பின்னால் கொண்டு போனால், கை போய் இடிப்பதே போலீஸ்காரர் மேல்தான். இங்கே சேட்டை என்பது பிழைப்பு. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு இரண்டையும் ‘குழந்தைகள் படம்’ என்று ஒரே அலமாரியில் அடுக்கி வைக்கிறார்கள்.

பையனுக்குக் காய்ச்சல் வருகிறது. டாக்டர் வருகிறார். நீதான் அப்பனா என்று கேட்கிறார். ஏறக்குறைய அப்படித்தான் என்று இவர் சொல்கிறார். அந்த ‘ஏறக்குறைய’தான் வினை. சீட்டை எடுத்துக் காட்டுகிறார், டாக்டர் அதைப் பையில் போட்டுக்கொள்கிறார். முறையான கவனிப்பு தேவை என்று எழுதிப் போட்டுவிடுகிறார். அடுத்து அனாதை இல்லத்து வண்டி வந்து நிற்கிறது. ரத்தக் கணக்கும் காகிதமும் இல்லாத தகப்பனை எந்த அதிகாரமும் தகப்பனாக ஒத்துக்கொள்வதில்லை. பிள்ளைக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் வருகிறார்கள், அடிக்க வருகிறோம் என்று யாரும் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

அந்தக் காட்சியில் ஒன்றை மறுபடி நினைச்சுப் பாருங்க. வந்த அதிகாரி இவரோடு நேராகப் பேச மாட்டான். கூட வந்த ஆளிடம் சொல்லுவான், அந்த ஆள் இவரிடம் கேட்பான். இவர் பதிலும் அதே வழியாகத்தான் திரும்பிப் போகும். மூன்று பேரும் நிற்பது ஒரு சின்ன அறைக்குள். கைக்கெட்டும் தூரம். ஆனாலும் நடுவில் ஒரு ஆள் வேண்டும். இதைச் சிரிப்புக்காக வைத்திருக்கிறார் சாப்ளின், உலகம் முழுக்கச் சிரித்திருக்கிறார்கள். இங்கே உட்கார்ந்திருந்த நீங்க அந்த இடத்தில் சிரிச்சீங்களான்னு நான் திரும்பிப் பார்த்தேன். முன் வரிசை சிரிச்சது. பின் வரிசை சிரிக்கல. அவ்வளவுதான் சொல்லுவேன்.

பிறகு சண்டை. மாவு பறக்குது, பையன் சுத்தியலைத் தூக்குகிறான். அவனைப் பிடுங்கி வண்டிக்குள் எறிகிறார்கள். கையை நீட்டி அழுகிறான். அந்த அழுகை எப்படி வந்தது தெரியுமா? 1964இல் வந்த தன்வரலாற்றில் சாப்ளினே எழுதியிருக்கிறார். பையனுக்கு — ஜாக்கி கூகன், அப்போது ஐந்து வயசு — அழுகை வரவில்லை. விளையாட்டு உற்சாகத்தில் இருக்கிறான். பையனோட அப்பா, நான் அழ வைக்கிறேன் என்று உள்ளே கூட்டிக்கொண்டு போகிறார். நீ அழாவிட்டால் உன்னை நிசமாகவே ‘ஒர்க்ஹவு’சுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று மிரட்டியிருக்கிறார். பிள்ளை கதறிவிட்டது. படம் பிடித்து முடிந்ததும் சாப்ளின் போய்த் தூக்கிச் சமாதானம் சொன்னால், அப்பா சும்மா சொன்னாருன்னு எனக்குத் தெரியும் என்று பையன் காதில் சொன்னானாம்.

ஒர்க்ஹவுஸ் என்றால் என்னவென்று சாப்ளினுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கதியில்லாத ஏழைகளை அடைத்து, வேலை வாங்கிக்கொண்டு, கஞ்சி ஊற்றுகிற அரசாங்கக் கொட்டடி அது. 1896இல் லண்டன் லாம்பெத் ஒர்க்ஹவுசுக்குள் தாய் ஹன்னாவும் அண்ணன் சிட்னியும் ஏழு வயசு சார்லியும் போனார்கள். வாசலிலேயே தாயை ஒரு பக்கம், பிள்ளைகளை ஒரு பக்கம் பிரித்தார்கள். கொஞ்ச நாளில் பிள்ளைகள் இருவரையும் ஹான்வெல் என்கிற ஊரில் இருந்த ஆதரவற்றோர் பள்ளிக்கு வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். படர்தாமரை வந்து தலையை மழித்து மருந்து பூசியதும், செய்யாத குற்றத்துக்குப் பிரம்படி வாங்கியதும் அங்கேதான். நடுவில் ஒரே ஒரு நாள் ஹன்னா ஒரு தந்திரம் செய்தாள். தன்னையும் பிள்ளைகளையும் விடுவிக்கச் சொல்லி எழுதிக்கொடுத்து வெளியே வந்தாள். சிட்னியிடம் ஒன்பது பென்னி இருந்தது. பழம் வாங்கித் தின்று, கென்னிங்டன் பூங்காவில் தாளைப் பந்தாகச் சுருட்டி விளையாடிவிட்டு, சாயங்காலம் மறுபடி போய் வாசலில் நின்றார்கள். மறுபடி பிரித்தார்கள்.

இப்போது அந்தக் கூரைக் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி தெருவில் போகுது, இவர் ஓட்டுக் கூரைமேல் ஓடுகிறார். தெரு அவர்களோடது, கூரை இவரோடது. குதித்து, அதிகாரியை உதைத்து வெளியே தள்ளி, பிள்ளையை அணைத்து முத்தம் கொடுக்கிறார். லாம்பெத் வாசலில் யாரும் அப்படி வந்து குதிக்கவில்லை. இருபத்தைந்து வருசம் கழித்துப் படத்தில் வந்து குதிக்கிறார்கள். என்னைக் கேட்டால், படத்தோட உண்மையான முடிவு அங்கேதான் இருக்கு. ஆனால் அங்கே நிறுத்த முடியாது. நிறுத்தினால் அடுத்த நாள் காலையில் அவர்கள் எங்கே போவார்கள் என்கிற கேள்வி நிற்கும்.

சாப்ளின் அதையும் காட்டுகிறார், அதற்காக அவரை மெச்சணும். ராத்திரி காசு கொடுத்துப் படுக்கிற கூடத்துக்குப் போகிறார்கள். ஒரு ஆளுக்குத்தான் காசு இருக்கு, பையனைப் போர்வைக்குள் ஒளித்துவைக்கிறார். அந்தக் கூடத்துக்காரன் பேப்பரில் விளம்பரம் பார்க்கிறான். பையனைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் 1,000 டாலர். இவர் தூங்கும்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் போலீசில் கொடுத்துவிடுகிறான். அதிகாரியால் பிடுங்க முடியாத பிள்ளையைப் பரிசுப் பணம் பிடுங்கிக்கொண்டு போகுது. விளம்பரம் கொடுத்தது தாய். இதற்குள் அவள் பெரிய நடிகை ஆகிவிட்டாள்.

அவளைப் பற்றி ஒரு வார்த்தை. தாய்மையே அவள் பாவமாகிப் போனது என்று தொடக்கத்திலேயே அட்டை போட்டு, அவள் பக்கம் நிற்கிறது படம். நானும் அவள் பக்கம்தான். அவளைப் பணக்காரி என்று மட்டும் சொல்லி ஒதுக்கிவிட்டு நாம் பேச முடியாது. 1971இல் சாப்ளின் படத்தைத் திருத்தி, இசை சேர்த்து மறுபடி வெளியிட்டபோது தாயின் காட்சிகள் சிலதை வெட்டிவிட்டார். எண்பது வயசு தாண்டின பிறகு. கடைசிக் காட்சியை மட்டும் தொடவில்லை.

அதற்கு முன்னால் வருகிற கனவு. பையனைத் தேடிக் களைத்துப்போய்ப் பழைய வாசல்படியில் தூங்குகிறார். சேரித் தெரு முழுக்கப் பூ. எல்லோருக்கும் சிறகு, நாய்க்குக்கூடச் சிறகு. நிறைய விமர்சகர்களுக்கு இந்தக் கனவு பிடிக்காது, கதைக்கு ஒட்டவில்லை என்பார்கள். எனக்கு இது முக்கியம். பாருங்க, அந்தச் சொர்க்கத்திலும் போலீஸ்காரர் இருக்கிறார். அவருக்கும் சிறகு. சண்டை வந்ததும் பறக்கிற இவரைச் சுட்டு வீழ்த்துகிறார். அதே வாசல்படியில் செத்து விழுகிறார். அதே கை தோளைப் பிடித்து உலுக்க, விழிக்கிறார்.

விழித்ததும் என்ன? அந்தப் போலீஸ்காரர் இவரைக் காரில் ஏற்றுகிறார். ஸ்டேசன் என்று நினைக்கிறார் இவர். நாமும் நினைக்கிறோம். கார் மாளிகை முன்னால் நிற்குது. கதவு திறக்குது, பையன் தாவுகிறான், அந்தம்மா சிரித்த முகமாய் நிற்கிறாள். போலீஸ்காரர் கை குலுக்கிவிட்டுப் போகிறார். இவரை உள்ளே கூட்டிப் போகிறார்கள். கதவு சாத்துது. முடிந்தது.

கனவில் போலீஸ் சுடுது, நனவில் கை குலுக்குது. எது கனவு, எது நனவு? நமக்குத் தெரிந்த உலகத்தில் இரண்டும் இடம் மாறி இருக்கணும். சாப்ளின் தெரிந்து செய்தாரா தெரியாமல் செய்தாரா என்று நான் ஆராயப் போவதில்லை. படம் அப்படி இருக்கு.

அந்தக் கடைசிக் காட்சி யாருடைய கனவு என்று யோசித்துப் பார்த்தேன். கூரைமேல் ஓடின ஆளோட கனவாக எனக்குப் படவில்லை. அவர் வீடு கேட்கவே இல்லையே, பிள்ளையைத்தானே கேட்டார். ஹான்வெல் பள்ளியில் தலை மழித்துப் படுத்திருந்த ஏழு வயசுப் பையனோட கனவு அது. அம்மா பெரிய ஆளாகி, கார் அனுப்பி, கூட்டிப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள், இனி யாரும் பிரிக்க வர மாட்டார்கள் என்கிற கனவு. நிசத்தில் ஹன்னாவுக்கு மனநோய் கண்டு காப்பகத்துக்குப் போனாள். படத்தில் தாய் நடிகையாகி மகனைப் பெரிய வீட்டுக்குக் கூட்டிப் போகிறாள். வாழ்க்கையில் மகன் நடிகனாகி, இந்தப் படம் வெளிவந்த அதே 1921இல், தாயை லண்டனிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கூட்டி வந்து கடலோர வீட்டில் வைத்தார். 1928இல் சாகும்வரை அங்கே இருந்தாள். அந்தக் கதவு சாத்துவதை இப்படிப் பார்த்தால் எனக்குக் கோபம் வரவில்லை. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் விடுதிப் பாயில் படுத்து இதே கனவைக் கண்டிருக்கிறோம்.

சில தோழர்கள் இது வர்க்க சமரசம், கடைசியில் முதலாளி வீட்டில் போய் விழுந்துவிட்டார் என்று ஒரே வரியில் முடிக்கிறார்கள். அப்படி முடிப்பது எனக்குச் சம்மதமில்லை. பசித்தவன் சோற்றுக்கு உள்ளே போவதைச் சமரசம் என்று சொல்ல, சொல்கிறவன் வயிறு நிறைந்திருக்கணும். என் கேள்வி வேறு. உள்ளே போகிறவர் யாராகப் போகிறார்? அப்பனாகவா, விருந்தாளியாகவா, தோட்டக்காரனாகவா? ஐந்து வருச வளர்ப்புக்கு அந்த வீட்டில் என்ன பேர்? ‘ஏறக்குறைய’ என்று அவர் டாக்டரிடம் சொன்ன வார்த்தைக்கு அந்த வீட்டிலாவது அங்கீகாரம் உண்டா? கேமரா வெளியிலேயே நின்றுவிட்டது. நம்மையும் வெளியிலேயே நிறுத்திவிட்டது. அந்தப் பிள்ளை கேட்ட கேள்வியும் ஆத்தா சொன்ன பதிலும் அந்தச் சாத்தின கதவுக்கு முன்னால்தான் நிற்குது.

நிசப் பையனுக்கு என்ன ஆச்சு என்பதையும் சொல்லிவிடுகிறேன், இது பல பேருக்குத் தெரியாது. ஜாக்கி கூகன் இந்தப் படத்தால் உலகப் புகழ் பெற்று, அடுத்தடுத்து நடித்து, பத்துப் பதினைந்து வயசுக்குள் சம்பாதித்தது 30 லட்சம், 40 லட்சம் டாலர் என்று மதிப்பிடுகிறார்கள். 1935இல் அப்பா கார் விபத்தில் செத்துப்போனார். வயசு வந்து பணத்தைக் கேட்டால் தாயும் மாற்றாந்தகப்பனும் இல்லையென்றார்கள். அன்றைய கலிபோர்னியா சட்டப்படி பிள்ளையின் சம்பாத்தியம் பெற்றவர்களுக்கே சொந்தம். 1938இல் வழக்குப் போட்டார். கைக்கு வந்தது சுமார் 1,26,000 டாலர். அந்த அநியாயத்தைப் பார்த்துத்தான் 1939இல் குழந்தை நடிகர்களுக்கான சட்டம் வந்தது. கூகன் சட்டம் என்றே பெயர். அதிலும் ஓட்டை இருந்தது. குழந்தை உழைத்த பணம் குழந்தைக்கே சொந்தம் என்று தெளிவாக எழுத 2000 வரைக்கும் ஆச்சு. ஆக, திரையில் பெரிய வீட்டுக்குள் போன பையனைப் பெரிய வீடே உரித்துவிட்டது. ரத்த உறவும் இருந்தது, காகிதமும் இருந்தது. அப்பத்தைச் சரிபாதியாக வெட்டுகிற ஆள் மட்டும் அந்த வீட்டில் இல்லை.

இன்னொன்று. 1931இல் சாப்ளின் லண்டன் போனபோது ஹான்வெல் பள்ளியைப் பார்க்கப் போனார். பிள்ளைகள் கொண்டாடினார்கள், இவரும் உருகிப்போனார். மறுபடி வருவேன், படம் காட்டுகிற கருவி கொண்டுவருவேன் என்று சொல்லிவிட்டு வந்தார். சொன்ன நாளில் கருவி வந்தது, பரிசுப் பொருளோடு அவருடைய ஆட்கள் வந்தார்கள். அவர் வரவில்லை. அவரைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் கூடத்துக்குள் இன்னொரு தடவை கால் வைக்க அவருக்கு முடியாமல் போயிருக்கலாம். ஆனால் அன்றைக்கு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகளை நினைத்தால் மனசு கேட்கல. கதவுக்கு அந்தப் பக்கம் போனவர் திரும்பி வராத கதை நம்ம தெருக்களில் புதுசா? படித்து, வேலைக்குப் போய், வீடு கட்டி — சரி, அதைப் பேச ஆரம்பித்தால் இந்தக் கூட்டம் வேற கூட்டம் ஆகிவிடும். நானே பதில் சொல்ல வேண்டிய ஆள்.

படத்தில் அவர்கள் குடியிருந்த அந்தக் கூரை அறை, அப்பம் சுட்ட அடுப்பு, அந்த வாசல்படி, சந்தில் இவனோடு குத்துச்சண்டை போட்ட பையன் — இவர்களை நாம் அப்புறம் பார்ப்பதே இல்லை. அனாதை இல்லத்து வண்டி இன்னும் அதே சந்துக்கு வந்துகொண்டுதான் இருக்கும்.

அந்தப் பிள்ளைக்கு நான் பதில் கடன்பட்டிருக்கேன். அடுத்த மாசம் அதே காலனியில் மறுபடி படம் போடுறோம். இந்தத் தடவை கதவு சாத்தினதும் புரொஜக்டரை நிறுத்திட்டு, மிச்சக் கதையைப் பிள்ளைங்களையே சொல்லச் சொல்லலாம்னு இருக்கோம். எழுதியெடுக்க நாலு பேர் வேணும். மாணவத் தோழர்கள் வர்றதா இருந்தா, டீ குடிக்கும்போது பேர் குடுத்துட்டுப் போங்க. அந்த ஆத்தாவையும் வரச் சொல்லியிருக்கேன்.